பலாங்காவில் ஒன்றுமில்லை

முகோமா,
1976 பிப்ரவரி 9

அன்பு மருமகள் ரிஸிகிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இங்கே இறைவன் கிருபையால் நலம். நீயும் அந்தப் பெரிய நகரத்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உன் மாமா முஹிதினியாகிய நானே எழுதுகிறேன். முதியோர் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். பேனாவைச் சுக்கான் பிடிப்பது போல் பிடிக்கிறேன் என்று ஆசிரியர் லிகம்பே சிரிக்கிறார். சுக்கான் பிடித்த கைக்கு வேறு எப்படி வரும்? மெதுவாகத்தான் போகிறது, ஆனால் போகிறது. ஒரு வார்த்தையை முடித்தவுடன் அதை நானே வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்தது அங்கே அப்படியே இருக்கிறது. இந்த வயதில் எனக்கு இப்படியொரு சந்தோஷம் மிச்சம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

போன வாரம் நீ வேலை செய்யும் கடல் ஆராய்ச்சி அலுவலகத்துப் படகு நம் ஊருக்கு வந்தது. உன் மேலதிகாரி டாக்டர் ம்ஷானாவும் வந்திருந்தார். மலைநாட்டுக்காரர். ஆனால் கடலை ஒரு பெரியவரைப் பார்ப்பது போல் மரியாதையோடு பார்க்கிறார். அவரிடம் ஒரு பித்தளைக் குடுவை இருக்கிறது. கயிற்றில் கட்டி ஆழத்தில் இறக்குகிறார்கள். பிறகு மேலிருந்து ஒரு சின்ன எடையைக் கயிற்றோடு நழுவ விட்டால், அது போய்த் தட்டியதும் குடுவை அங்கேயே வாயை மூடிக்கொள்கிறது. ஆழத்துத் தண்ணீர் மேல்தண்ணீரோடு கலக்காமல் வந்து சேர்கிறது. இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னேன். செய்தார்கள். மறுபடியும் கேட்டேன்.

ஊரில் மூத்த படகோட்டி யார் என்று விசாரித்து என்னிடம் வந்தார்கள். வெளிப்பாறையில் என்னென்ன மீன் கிடைக்கும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். கடைசியில் ஊருக்குத் தெற்கே இருக்கும் பலாங்கா திட்டைக் காட்டி, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். சேறும் நத்தையும்தான், வேறொன்றுமில்லை என்றேன். கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்கள். கூடவே பெருவிரலுக்கு மைப்பெட்டியையும் நீட்டினார்கள். நான் மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டேன். என் பெயரை முழுதாக எழுதினேன். அரசாங்கத் தாளில் என் முதல் கையெழுத்து. உன் அம்மா பின்னால் நின்றுகொண்டு காங்காத் துணியால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அண்ணன் பேனா பிடித்த அழகைப் பார்த்துத்தான் சிரித்திருப்பாள்.

அம்மா நலம். கொசுவலை கட்டாமல் தூங்காதே. உன்னைப் பெற்றவளுக்கு அடுத்தபடியாக உன்னை நினைக்கும்,
மாமா முஹிதினி


டார் எஸ் சலாம்,
1976 மார்ச் 2

என் மாமாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அலுவலகம் முழுக்கக் காட்டினேன். டாக்டர் ம்ஷானா பார்த்துவிட்டு, "இந்தப் பெரியவர் என் குடுவைய மூணு தடவ இறக்க வெச்சாரு, நாலாவது தடவைக்கு டீசல் இல்லைனு சொல்லித் தப்பிச்சோம்" என்றார்.

என் வேலை என்னவென்று கேட்டுக்கொண்டே இருப்பீர்களே, சொல்கிறேன். எங்கள் சுவரில் நம் கரை முழுவதற்கும் ஒரு பெரிய வரைபடம் இருக்கிறது. எந்த இடத்தில் எத்தனை வகை உயிர்கள் வாழ்கின்றன என்று காட்டும் வரைபடம். படகு ஓர் இடத்தில் வலையை இழுத்தால், அந்த இடத்தில் நான் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கிடைத்த வகைகள் அதிகமாக இருந்தால் அடர்பச்சை பூச வேண்டும். குறைந்தால் வெளிர்பச்சை. ஒன்றுமே இல்லாத இடம் வெள்ளை.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? புள்ளிகள் எல்லாம் எங்கள் நகரத்தைச் சுற்றியே எறும்பு மாதிரி மொய்க்கின்றன. படகு கட்ட வசதியான இடம், ஐஸ் கிடைக்கும் இடம், டீசல் கிடைக்கும் இடம், அங்கெல்லாம் கடல் அடர்பச்சை. வடக்கே ஒரு விடுதிக்காரம்மா தேங்காய்ப்பால் சோறு பிரமாதமாகச் செய்வார். அவர் வீட்டுக்கு எதிரே இருக்கும் கடலில்தான் இந்த நாட்டிலேயே அதிக வகை மீன்கள் இருப்பதாக என் வரைபடம் சொல்கிறது. பாறை இருந்தால் வலை கிழியும் என்று அந்தப் பக்கம் போகமாட்டார்கள். தெற்குக் காற்று மாதங்களில் எங்கேயும் போகமாட்டார்கள். நாங்கள் எங்கே போனோமோ அங்கே உயிர் இருக்கிறது, மாமா.

உங்கள் கடிதத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், பித்தளைக் குடுவை கூட இருக்கிறது. அம்மா மட்டும் ஒரே வரியில் நலம். அவள் என்ன சொன்னாள், எழுதுங்கள்.

உங்கள் கையெழுத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கும்,
ரிஸிகி


முகோமா,
1976 ஏப்ரல் 20

அன்பு மருமகளுக்கு,

உன் ஆரோக்கியத்துக்காக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முழங்கால் மழைக்காலத்தில் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

உன் கடிதத்தை வகுப்பில் எழுந்து நின்று வாசித்தேன். விடுதிக்காரம்மாவின் சோறு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அங்கே நிறுத்திவிட்டு, அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். திரும்பவும் சிரித்தார்கள். கடிதம் என்பது எவ்வளவு நல்ல சாமான். பேச்சு ஒருமுறை போனால் போனதுதான். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் ஊற்றிக் குடிக்கலாம்.

கடலுக்குக் கலர் பூசுகிற பெண் நம் குடும்பத்தில் பிறந்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். நம் முகோமாவுக்கு என்ன கலர்? அடர்பச்சையாகத்தான் இருக்கும்.

தெற்குக் காற்று தொடங்கிவிட்டது. படகுகளைக் கரையேற்றிவிட்டோம். அம்மா நலம். உலர்த்திய பேய்க்கணவாய் ஒரு கட்டு கொடுத்தாள், தபால் லாரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காற்றில் உன் குடை திரும்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.
மாமா முஹிதினி


டார் எஸ் சலாம்,
1976 மே 17

மாமாவுக்கு ஸலாம்.

எல்லோரும் சுகம்தானே? நான் சுகமாகத்தான் இருக்கிறேன், ஆனால் மனசு சரியில்லை. அதைக் கடைசியில் எழுதலாம் என்று நினைத்தேன். முடியவில்லை, முதலிலேயே எழுதுகிறேன்.

முந்திரி ஏற்றும் துறைமுகத்தை ஆழப்படுத்தப் போகிறார்கள். தோண்டி எடுக்கும் சேற்றைக் கடலில் எங்கேயாவது கொட்ட வேண்டும். எங்கே கொட்டினால் நஷ்டம் இல்லை என்று எங்கள் வரைபடத்தைக் கேட்டார்கள். வெள்ளையாக இருக்கும் இடங்களில் துறைமுகத்துக்குப் பக்கமானது பலாங்கா. அதைத்தான் குறித்திருக்கிறார்கள். கோப்பில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. "அங்கே ஒன்றுமில்லை என்று ஊரின் மூத்த படகோட்டி உறுதி செய்கிறார்" என்று அதன் மேல் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

மாமா, பலாங்காவில் எங்கள் படகு ஒருமுறைகூட வலை இழுத்ததில்லை. தண்ணீர் ஆழம் போதாது, அடியில் பாறை வேறு. யாரும் பார்க்காத இடமும், பார்த்து ஒன்றும் கிடைக்காத இடமும் எங்கள் வரைபடத்தில் ஒரே வெள்ளைதான். இரண்டையும் பிரித்துக் காட்ட எங்களிடம் கலர் இல்லை. நான்தான் பூசுகிறேன், எனக்கே இது இத்தனை நாளாக உறைக்கவில்லை.

அம்மா அனுப்பிய பேய்க்கணவாயைத் தேங்காய்ப்பாலில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். இது எங்கே பிடித்தது என்று டாக்டர் ம்ஷானா கேட்டார். வீட்டிலிருந்து வந்தது என்றேன். எங்கே பிடித்தது என்று மறுபடி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடல் பின்வாங்கும் வற்று நேரத்தில் பெண்களோடு இறங்கிப் பிடிக்கும் வயது வருமுன்னே நான் விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டேன். அதன் பிறகு இத்தனை வருஷம் தின்றுகொண்டே இருக்கிறேன், கேட்டதே இல்லை.

முடிவெடுக்கும் கூட்டம் செப்டம்பரில். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவள் சொல்வதை எழுதுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

ரிஸிகி


முகோமா,
1976 ஜூலை 6

அன்பு மருமகளுக்கு,

நீ நலமாக இருப்பாய். நாங்களும் நலம். எழுதத் தாமதமாகிவிட்டது. தபால் லாரி இரண்டு முறை வரவில்லை. மூன்றாவது முறை வந்தபோது மழை பெய்தது.

இங்கே செய்திகள் நிறைய. லிகம்பே ஆசிரியரின் ஆடு என் பாடப்புத்தகத்தில் பாதியைத் தின்றுவிட்டது. இனி அந்த ஆட்டுக்குத்தான் தேர்வு வைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் படகுக்குப் புதுப் பாய் தைத்தாகிவிட்டது. சோப்பு உறையில் எழுதியிருப்பதைப் படித்தேன். கூரைத் தகரத்தில் எழுதியிருப்பதைப் படித்தேன். கண்ணில் படுவதெல்லாம் பேசுகிறது, எதற்குப் பதில் சொல்வது என்று தெரியவில்லை.

மரவள்ளி இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது. அம்மா நலம். பல்வலி இருந்தது, போய்விட்டது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
மாமா முஹிதினி


டார் எஸ் சலாம்,
1976 ஜூலை 19

மாமாவுக்கு,

ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டின் கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு கடிதத்தைத் திருப்பினேன், அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு நம் வீடு உங்கள் கடிதம் வழியாகத்தான் தெரிகிறது. நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கம் மட்டும் எனக்கு வெளிச்சம். அம்மாவின் பக்கம் நீங்கள் போகவில்லை என்றால், அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். எங்கள் படகும் இப்படித்தான் எனக்குக் கடலைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

டாக்டரிடம் பேசிப் பார்த்தேன். அபிப்பிராயம் போதாது, அந்த இடத்திலிருந்து எடுத்த உயிர்கள் கண்ணாடிக் குடுவையில் என் மேஜைக்கு வர வேண்டும் என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். இந்தக் காற்றில் எங்கள் படகு வராது.

வாசித்துக் காட்டினீர்களா?
ரிஸிகி


முகோமா,
1976 ஆகஸ்ட் 3

அன்பு மருமகள் ரிஸிகிக்கு,

ஸலாம். நலம் விசாரிப்பதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் மே மாதக் கடிதத்தை நான் அம்மாவுக்கு வாசிக்கவில்லை. "ரிஸிகி என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். நலமாம், வேலை அதிகமாம் என்று சொல்லிவிட்டேன். என் கையெழுத்தின் மேல் தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்று எழுதினாயே, அந்த வரியை என் வாயால் வாசிக்க வரவில்லை. அவ்வளவுதான்.

மூன்று நாள் முன்பு வாசித்தேன். அவள் துருவுபலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பலாங்கா என்ற பெயர் வந்ததும் கை நின்றது. அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"அங்க ஒண்ணுமில்லேனு உனக்கு யாரு அண்ணே சொன்னா?" என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். பலாங்காவின் மேல் கடல் ஏற்றத்தில் எத்தனையோ முறை பாய் விரித்துப் போயிருக்கிறேன், கலங்கிய தண்ணீர் தவிர எதையும் பார்த்ததில்லை. வற்றில் போனதில்லை. பெண்கள் துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கும் நேரம் அது, ஆண்கள் அந்தத் திசைக்கே முகம் காட்டமாட்டோம். ஒன்றுமில்லை என்று எனக்கு என் அம்மா சொல்லியிருக்கிறாள். உன் அத்தை உயிரோடு இருந்தவரை அவள் சொன்னாள். உன் அம்மா சோமோயேயும் சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னேன்.

"நாங்கதான் சொன்னோம்," என்றாள். "எனக்கு வற்றுக்குப் போக அம்மா சொல்லிக் குடுத்த அன்னிக்கே இதையும் சொல்லிக் குடுத்தாங்க. ஆம்பளைங்க கேட்டா சேறு, நத்தைனு சொல்லு. வெறகு பொறுக்கப் போனேன்னு சொல்லு."

"அப்ப நான் இத்தன காலமா தின்ன கணவாய்?"

"பலாங்கா. ஊருக்கு முன்னாடி பாறையில பிடிச்சதுனு நெனச்சியா? அங்க ஒரு நண்டுக்குஞ்சு கூடக் கிடையாது. ஒரு நாளாவது எட்டிப் பாத்திருக்கியா நீ? தட்டுல வந்தா தின்னுட்டு எந்திரிச்சுப் போவ."

ரிஸிகி, எனக்கு முதலில் முகம் சுட்டது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அவள்தான் தண்ணீர் கொடுத்தாள். இந்த ஊரில் யார் வீட்டில் உப்பு தீர்ந்தாலும் அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும். இதே ஊரின் பெண்கள் ஒரு கடலையே தலைமுறை தலைமுறையாக எங்கள் கண் முன்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒருத்திகூட வாய் தவறவில்லை. நான் கையெழுத்துப் போட்டபோது அவள் ஏன் சிரித்தாள் என்று இப்போது தெரிகிறது. அவர்கள் பொய்யை நான் அரசாங்கத் தாளில் ஏற்றிக் கொடுத்தேன், அதற்குச் சிரித்திருக்கிறாள். என்ன திறமை.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. வடக்கே கிலோலே திட்டு ஒரு காலத்தில் பெண்களுடையதாக இருந்ததாம். யாரோ சொல்லிவிட்டார்கள். ஆண்கள் ஈட்டியோடு போனார்கள், வியாபாரிகள் வந்தார்கள், சில வருஷத்தில் அது மொட்டையாகிவிட்டது. அதிலிருந்துதான் இந்தக் கட்டுப்பாடு. நீ குடுவையில் உயிர் கேட்கிறாய் என்று சொன்னேன்.

"சொல்லலேனா சேத்துல போகும். சொன்னா உங்க கையில போகும்," என்றாள். "எதுல போனா என்ன?"

அதற்குப் பிறகு அவள் வீட்டிலிருந்து எனக்குக் கஞ்சி வருகிறது, பேச்சு வரவில்லை.

இதையெல்லாம் எழுதத் தொழுகைக்கும் தொழுகைக்கும் இடையில் நேரம் எடுத்துக்கொண்டேன். அம்மா நலம் என்று எழுத மாட்டேன். அவள் கவலையில் இருக்கிறாள்.

மாமா முஹிதினி


டார் எஸ் சலாம்,
1976 ஆகஸ்ட் 11

என் மாமாவுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் ஸலாம். நீங்கள் எழுதிய கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதை யாருக்கும் காட்டவில்லை.

அம்மா கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஒன்று செய்ய முடியும். டாக்டர் ம்ஷானா வர வேண்டாம், படகும் வேண்டாம். மாதக் கடைசியில் அமாவாசைக்குப் பெரிய வற்று வருகிறது. நான் மட்டும் குடுவைகளோடு வருகிறேன். நான் அந்த ஊர்ப் பெண்தானே. அம்மாவும் மற்றவர்களும் சம்மதித்தால் நடக்கிறேன். வேண்டாம் என்றால் வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

அவர்கள் என்ன முடிவு செய்தாலும், அம்மா வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதி அனுப்புங்கள். திருத்த வேண்டாம், நல்லதாக்க வேண்டாம்.

பதிலுக்காக லாரி நிலையத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்,
ரிஸிகி


முகோமா,
1976 ஆகஸ்ட் 18

ரிஸிகி, உன் மாமா எழுதறார், நான் சொல்றேன். கூட்டிக் குறைச்சு எழுதினா எனக்குத் தெரியாதுதான். ஆனா லிகம்பே வாத்தியார்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேப்பேன். அதனால ஒழுங்கா எழுதுவார். நீ நல்லா இருக்கியா. இளைச்சிட்டேனு லாரிக்காரன் சொல்றான்.

பொம்பளைங்க எல்லாம் உக்காந்து பேசினோம். சில பேர் வேண்டாங்கறாங்க. சேறு வந்தா எல்லாமே போச்சு, ஆம்பளைங்க வந்தா சண்டையாவது போடலாம்னு நான் சொன்னேன். சேத்துகூட யாரு சண்டை போடறது. கடைசில சரினாங்க.

நீ மட்டும் வா. மத்த எதை வேணா அள்ளிக்கோ, எழுதிக்கோ. கணவாய்ப் பொந்து ஒண்ணுகூட எழுதக்கூடாது. எந்த வழியா நடந்து போறோம்னும் எழுதக்கூடாது. அங்க வலை போடக்கூடாது, ஈட்டி கொண்டாரக்கூடாதுனு அந்தப் படத்துல எழுத முடியுமா. முடியலேனா முடியலேனு சொல்லு, பொய் சொல்லாத. எங்க பொய்யே போதும்.

நோன்பு பொறக்கிற நாளும் அந்த வற்றும் ஒண்ணா வருது. நோன்போட நடக்கணும். நாற்காலியில உக்காந்து உக்காந்து உன் காலு பஞ்சாயிருக்கும், பழைய செருப்பு கொண்டா, முள்ளு குத்தும்.

உன் மாமா கண்ணத் துடைச்சுக்கறார். அதையும் எழுதுனு சொன்னா எழுதமாட்டேங்கறார்.

அம்மா சோமோயே


டார் எஸ் சலாம்,
1976 செப்டம்பர் 21

என் மாமாவுக்கு,

நோன்பு உங்களைச் சோர்வாக்காமல் இருக்கட்டும். ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து இரண்டு காரணங்களால் எழுதவில்லை. ஒன்று, குடுவைகளில் இருப்பவற்றைப் பிரித்து அடையாளம் காணும் வேலை. இன்னொன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கரை திரும்பியபோது நீங்கள் படகுப் பக்கம் நின்று, கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல் பார்த்தீர்களே. நீங்கள் பார்க்க முடியாததை உங்களுக்காக எழுதுகிறேன். அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தண்ணீர் இறங்க இறங்க, கலங்கல் எல்லாம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதற்கப்பால் பச்சைப் புல்வெளி, மாமா. நெல் வயல் மாதிரி கடற்புல், காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரில் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. நான் கால் வைக்கப் போன இடத்தில் அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். குனிந்து புல்லை விலக்கினாள். ஒரு கடல்குதிரை வாலால் புல்லைப் பற்றிக்கொண்டு நின்றது. அதன் முகத்தில் நம் ஊர் இமாமின் தோரணை. ஒரு கல்லைப் புரட்டினாள். அதன் அடியில் மஞ்சள், ஊதா, சிவப்பு என்று ஒட்டிக்கொண்டிருந்தவற்றுக்கு என்னிடம் பெயரே இல்லை. பார்த்து முடித்ததும் கல்லைப் பழையபடியே கவிழ்த்து வைத்தாள். புரட்டிய கல்லை அப்படியே விட்டுவிட்டு வருகிறவளோடு அன்றைக்கு யாரும் பேசமாட்டார்களாம். பட்டுத்துணி மாதிரி ஓரம் மடங்கி மடங்கி நீந்தும் ஒரு பூச்சி. தொட்டால் ஊதா மை விடும் கடல்முயல். தட்டு அகல நட்சத்திர மீன்கள். மணலுக்குள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் சோழிகள். பெண்கள் வரிசையாகப் பாடிக்கொண்டே நடந்தார்கள். நோன்பு, வெயில், முழங்கால் தண்ணீர், ஒருத்தியும் சோரவில்லை. நான்தான் கடைசி. "ஆபீசரம்மா, நாற்காலி கொண்டாரட்டுமா?" என்று கேலி செய்தார்கள்.

கணவாய் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பார்த்தேனா இல்லையா என்றுகூட எழுதவில்லை.

கூட்டத்தில் என் குடுவைகளை மேஜையில் பரப்பினேன். டாக்டர் ம்ஷானா ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கூட்டம் காத்திருப்பதையே மறந்துவிட்டார். பலாங்கா இப்போது அடர்பச்சை. அங்கே சேறு கொட்டமாட்டார்கள். வலையும் ஈட்டியும் கூடாது என்று எழுத எங்களுக்கு அதிகாரம் இல்லை. பெண்கள் நடந்து சேகரிக்கும் இடம், வெளியார் போகுமுன் அவர்களைக் கேட்க வேண்டும் என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுத டாக்டர் சம்மதித்தார். அதற்கு எவ்வளவு பலம் என்று தெரியாது. அம்மாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

பார்க்காத இடங்களுக்கு வெள்ளையல்லாத ஒரு கலர் வேண்டும் என்றும் கேட்டேன். "பாக்காத இடத்துக்கெல்லாம் கலர் அடிச்சா முக்காவாசிக் கடலும் அந்தக் கலராத்தான் இருக்கும், ரிஸிகி. அப்புறம் இத்தன வருஷமா என்னடா செஞ்சீங்கனு கேப்பாங்க," என்றார். ஆனால் மறுநாள் என் மேஜையில் சாம்பல் நிறப் பென்சில் பெட்டி ஒன்று இருந்தது. நான் பூசத் தொடங்கிவிட்டேன்.

இப்போது இரண்டாவது காரணம். சேற்றை எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்? அடுத்துக் குறித்திருப்பது நம்பேரா. நம் ஊரிலிருந்து தெற்கே, பாய் விரித்தால் அரை நாள். அதுவும் யாரும் போகாத இடம். மணல்தான், ஒன்றுமில்லை என்று அந்த ஊர்ப் படகோட்டி ஒருவர் கைநாட்டு வைத்திருக்கிறார். நம் திட்டைக் காப்பாற்றி யார் வீட்டு வாசலில் கொட்ட வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. டிசம்பர் வரை பொறுப்பார்கள். எனக்கு அங்கே யாரையும் தெரியாது.

பெருநாள் வாழ்த்துகளோடு,
ரிஸிகி


நம்பேரா கடற்கரை,
1976 அக்டோபர் 9

அன்பு மருமகள் ரிஸிகிக்கு,

ஸலாம். பெருநாள் நன்றாகக் கழிந்தது, உன் பங்கு ஹல்வாவை நான் தின்றேன். மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். ஆமாம், அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே, உறையைக் கிழித்த இடத்திலேயே உட்கார்ந்து அம்மாவுக்கு முழுக்க வாசித்தேன். கடல்குதிரைக்கு நம் இமாமின் முகம் என்ற வரியையும் விடவில்லை. ஓரத்தில் எழுதியதைக் கேட்டு, அது காகிதம்தான், ஆனால் ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை என்றாள். நம்பேரா வந்ததும் என்னை நிறுத்தச் சொன்னாள்.

"அந்த ஊர் ஆம்பளைங்க என்ன சொல்லியிருக்காங்களாம்?"

"மணல்தானாம். ஒண்ணுமில்லையாம்."

"அவங்களுக்கு அப்படி யாரு சொல்லியிருப்பா?" என்றாள். அவளே பதிலும் சொன்னாள். "நெறைய இருக்கும் அண்ணே அங்க. பாயக் கட்டு."

உன் அம்மாவுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது என்று உனக்குத் தெரியும். வாழ்க்கையெல்லாம் கடலில் நடந்தவளுக்குக் கடலில் மிதக்க முடியாது. வழி நெடுக வாந்தி எடுத்தாள். எடுத்துக்கொண்டே, சுக்கானை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை என்று என்னைத் திட்டினாள். நடுவழியில் திரும்பிவிடலாமா என்று கேட்டேன். அதற்கும் திட்டினாள். கரையில் இறங்கியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு, காங்காவைச் சரிசெய்துகொண்டு, ஒரு தெரியாத ஊருக்குள் தன் சொந்தத் தெருவில் நடப்பது போல் நடந்து போனாள். என் தங்கையைப் பார்த்து நான் இப்படி நின்றதில்லை.

இப்போது அவள் கிணற்றடியில் இந்த ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அங்கே இடமில்லை, படகு நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் சத்தமே இல்லை. பிறகு ஒருத்தி கோபமாகப் பேசினாள். அம்மா ஏதோ சொன்னாள். இப்போது எல்லோரும் ஒன்றாகப் பேசுகிறார்கள், நடுநடுவே சிரிப்பு கேட்கிறது. இந்த ஊர்ப் படகோட்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று என்னைக் கேட்டார். அவர் ஊர்தான், ஆனால் என்னைக் கேட்கிறார்.

இந்தக் கடலுக்கடியில் என்ன இருக்கிறது என்று அவரிடம் நான் கேட்கவில்லை. உனக்கு எழுத வேண்டுமே என்று எனக்குள் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். எனக்குத் தெரியாது, ரிஸிகி. தெரியாது என்றே எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால் அதுவும் நல்ல வார்த்தையாகத்தான் இருக்கிறது.

அம்மா எழுந்து வருகிறாள். அடுத்த அமாவாசைக்கு உன்னை இங்கே குடுவைகளை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறாள். போன முறை கொண்டுவந்தது போதாதாம்.

மாமா முஹிதினி